எலும்புருக்கியும் எதிர்த்து நிற்கும் கிருமியும்

திருவொற்றியூர் என்றதும் பெரும்பாலோர்க்குத் தியாகராயர் கோயிலும் பட்டினத்தார் அடங்கிய கடற்கரையும் நினைவுக்கு வரும். இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இவ்வூருக்கு மற்றொரு முகமும் வாய்த்தது. விம்கோ தீப்பெட்டித் தொழிற்சாலை இங்கேதான் இயங்கியது. 1946இல் இவ்வூர்க் கொட்டகை ஒன்றில் விளையாட்டுப் பலூன் செய்யத் தொடங்கிய நிறுவனமே பின்னாளில் எம்.ஆர்.எஃப். என வளர்ந்தது. 1948இல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ் அண்டையிலுள்ள எண்ணூரிலும், 1955இல் உருவான என்ஃபீல்டு திருவொற்றியூரிலும் ஆலை கண்டன. துறைமுகத்தில் மூட்டை சுமந்தோரும் ஆலையில் இயந்திரம் ஓட்டியோரும் இராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை கடலோரமாகக் குடியேறினர்.

குடியேறினர் என்று எழுதிவிடுவது எளிது. ஒண்டுக் குடித்தனங்களில் ஓர் அறைக்குள் ஐந்தாறு பேர் முடங்கிக் கிடந்த வாழ்க்கை அது. அத்தகைய அறையில் ஒருவர் மாதக் கணக்கில் இருமினால் அது அவர் ஒருவருடைய நோயாக நின்றுவிடாது. எலும்புருக்கி, சயரோகம், காசம் என்று பலவாறு வழங்கிய அந்நோயின் பெயரை வீட்டிற்குள் உரக்கச் சொல்லவும் அஞ்சினர். பெண் கேட்டு வருவோர் காதில் விழுந்துவிடுமே என்ற அச்சம் நோயினும் பெரிதாக இருந்தது. இந்நோய் ஒருவரிடமிருந்து மற்றவரைப் பற்றும் என்பதைப் பேரறிஞர் இப்னு ஸீனா தமது 'கானூன்' நூலில் ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகட்கு முன்பே குறித்துள்ளார். அதன் கிருமியை 1882இல் கண்டு காட்டியவர் ஜெர்மானிய அறிஞர் ராபர்ட் கோக். கிருமியைக் கொல்லும் மருந்து கிடைத்ததோ அதற்கும் அறுபதாண்டுகள் கழித்துத்தான்.

மருந்து இல்லாத காலத்தில் நல்ல காற்று, நல்ல உணவு, நீண்ட ஓய்வு ஆகிய மூன்றே சிகிச்சை. அவற்றை அளிப்பதற்கென எழுந்தவை சானடோரியங்கள். டாக்டர் சவுரி முத்து 1928இல் தாம்பரத்தில் நிறுவிய சானடோரியத்தின் பெயரால் இன்றும் அங்கு ஒரு இரயில் நிலையம் விளங்குகின்றது. ஆயினும் நாட்டில் இருந்த படுக்கைகள் எத்தனை, நோயாளர் எத்தனை? 1955 முதல் 1958 வரை இந்தியா முழுதும் நடத்தப்பெற்ற மாதிரிக் கணக்கெடுப்பு, ஆயிரம் பேருக்கு 13 முதல் 25 பேர் வரை நுரையீரலில் காசநோய்க் குறி கொண்டிருப்பதைக் காட்டிற்று. இந்நிலையில் எல்லோரையும் விடுதியில் சேர்ப்பதாவது! அன்றியும், மூட்டை தூக்கிப் பிழைக்கும் ஒருவன் ஓராண்டு தாம்பரத்தில் படுத்திருந்தால் அவன் வீட்டில் உலை வைப்பது யார்?

இவ்வினாவிற்கு விடை தேடும் பொருட்டு 1956இல் சென்னை சேத்துப்பட்டில் ஓர் ஆய்வு நிலையம் தொடங்கப்பெற்றது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகிய நான்கும் அதில் கைகோத்தன. அதன் முதல் தலைவர் வாலஸ் ஃபாக்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர். கிருமியியல் துறையில் துணை நின்றவர் இலண்டனிலிருந்த டெனிஸ் மிட்சிசன். சென்னையின் ஏழைக் குடும்பங்களைச் சேர்ந்த 193 நோயாளரைச் சீட்டுக் குலுக்குவது போன்ற முறையில் இரு பிரிவாக்கினர். ஒரு பிரிவினர் சானடோரியத்தில் தங்கினர். மறு பிரிவினர் தத்தம் வீட்டிலேயே இருந்தனர். இரு சாராருக்கும் ஐசோனியாஸிட், பி.ஏ.எஸ். என்ற அதே இரு மருந்துகள், ஓராண்டுக் காலம்.

சானடோரியத்தில் இருந்தோர் நல்ல உணவு உண்டனர், ஓய்வெடுத்தனர், உடல் எடையும் கூடுதலாக ஏறிற்று. வீட்டில் இருந்தோர் அரைவயிற்றுக் கஞ்சியோடு நெரிசலில் கிடந்தனர். பலர் வேலைக்கும் போயினர். ஆண்டு முடிவில் நோய் அடங்கியவர் விடுதிப் பிரிவில் 92 விழுக்காடு. வீட்டுப் பிரிவில் 86 விழுக்காடு! 1959இல் உலக சுகாதார நிறுவனத்தின் இதழில் இம்முடிவு வெளியாயிற்று. ஐந்தாண்டுகள் தொடர்ந்து பார்த்தபோது இரு பிரிவிற்கும் இடையே குறிப்பிடத்தக்க வேற்றுமை இல்லாமற் போயிற்று. வீட்டில் வைத்துச் சிகிச்சை செய்ததால் மனைவி மக்களுக்கு நோய் கூடுதலாகப் பரவியதா என்றும் பார்த்தனர். இல்லை. பரவியதில் பெரும்பகுதி, மருந்து தொடங்கும் முன்பே பரவியிருந்தது. சோறும் காற்றும் ஓய்வும் அல்ல, மருந்தே நோயைத் தீர்த்தது என்பது தெளிவாயிற்று. சானடோரியங்களின் காலம் உலகெங்கும் முடிவுக்கு வரத் தொடங்கியது. அம்முடிவை எழுதியவர்கள் நம் சென்னையின் ஏழைகள் என்று சொல்வது மிகையன்று.

இதுவரை பலரும் அறிந்த செய்தி. இதன் மறுபாதியே நான் வலியுறுத்த விரும்புவது.

சேத்துப்பட்டு நிலையத்தார் மாத்திரையைக் கையில் கொடுத்துவிட்டுச் சும்மா இருந்தாரல்லர். முன்னறிவிப்பின்றி நோயாளரின் வீட்டுக்கு ஆள் அனுப்பினர். வந்தவர் எஞ்சிய மாத்திரைகளை எண்ணிப் பார்ப்பார். சிறுநீர் வாங்கிச் செல்வார். அதில் ஒரு வேதிப்பொருளைக் கலந்தால் பி.ஏ.எஸ். உட்கொண்டவரின் சிறுநீர் நிறம் மாறிக் காட்டிக் கொடுத்துவிடும். பி.ஏ.எஸ். குமட்டலை எழுப்பும் மருந்து. நாளொன்றுக்கு ஏறத்தாழப் பத்து கிராம் விழுங்க வேண்டும். இருமல் இரண்டு மாதத்தில் நின்றுவிட்டால் எஞ்சிய பத்து மாதமும் அதனை விழுங்க யாருக்குத்தான் மனம் வரும்? ஃபாக்ஸ் இதனை நோயாளரின் குற்றமாகக் கருதவில்லை. படித்தவரும் செல்வரும் கூட மருந்தை விட்டுவிடுவர் என்பதே அவர் கொண்ட முடிவு. ஆகவே கண்ணெதிரே மருந்து கொடுக்கும் முறையை அவரும் அவர் குழுவினரும் வகுத்தனர். வாரம் இருமுறை நோயாளர் நிலையத்திற்கு வந்து, ஊசியும் மாத்திரையும் பெற்றுச் செல்லும் முறை 1964இல் வெளியான ஆய்வில் வெற்றி கண்டது. 1990களில் உலகெங்கும் பரவிய நேரடிக் கண்காணிப்புச் சிகிச்சைக்கு வித்து இதுவே.

இவ்வளவு கண்காணிப்பு எதற்கு? காசநோய் முற்றிய நுரையீரலில் ஒரு பொந்து உண்டாகும். அதற்குள் கோடிக்கணக்கான கிருமிகள் குடியிருக்கும். அவற்றுள் ஏறத்தாழப் பத்து லட்சத்தில் ஒன்று இயல்பாகவே ஐசோனியாஸிட்டுக்கு மசியாதது. அம்மருந்தை மட்டும் தனியே கொடுத்தால் மற்றவை மடியும். மசியாதது பெருகி முழுப் பொந்தையும் பிடித்துக்கொள்ளும். வேறொரு மருந்தையும் சேர்த்துக் கொடுத்தால் இரண்டுக்கும் மசியாத கிருமி இருப்பது அரிதினும் அரிது. ஸ்ட்ரெப்டோமைஸினைத் தனியே கொடுத்த 1940களின் பிரிட்டிஷ் ஆய்விலேயே இந்த ஆபத்து தெரிந்துவிட்டது. ஐசோனியாஸிட்டைத் தனியே கொடுத்துப் பார்த்த சென்னை ஆய்வு 1960இல் அதனையே உறுதி செய்தது. கூட்டு மருந்தில் ஒன்றை விழுங்கி மற்றொன்றை வீசுவதும், பாதியில் நிறுத்தி மீண்டும் தொடங்குவதும் இதே விளைவைத் தருவன.

சென்னை ஆய்வு தந்த பாடத்தில் இரு பாதிகள் இருந்தன. விடுதி வேண்டாம் என்பது செலவைக் குறைக்கும் பாதி. நோயாளரைத் தேடி ஆள் போக வேண்டும் என்பது செலவைக் கூட்டும் பாதி. அரசுகள் முதற்பாதியை ஆர்வத்தோடு எடுத்துக்கொண்டன. இரண்டாவதைப் பாராமுகமாக விட்டன. இது என் கருத்து, மறுப்போரும் இருக்கலாம். ஆனால் 1962இல் தொடங்கிய தேசியக் காசநோய்த் திட்டத்தை 1992இல் ஆய்ந்தபோது, நோயாளருள் பாதிப் பேர்கூடச் சிகிச்சையை நிறைவு செய்யவில்லை என்று தெரிய வந்தது. முப்பது ஆண்டுகள்! அதற்கிடையில் ரிபாம்பிஸின் என்ற ஆற்றல்மிகு மருந்து வந்து சேர்ந்தது. அதற்கும் மசியாத கிருமி பின்னாலேயே வந்தது.

இனிக் கடல் கடந்து செல்வோம். வழி புதிதன்று. 1860 அக்டோபரில், இங்கு முறையான துறைமுகம் எழுவதற்கு முன்பே, 'டுரூரோ' என்ற கப்பல் 342 பேரைச் சென்னையில் ஏற்றிக்கொண்டு நவம்பர் 16 அன்று தென்னாப்பிரிக்காவின் டர்பனை அடைந்தது. கரும்புத் தோட்டங்களுக்கென ஒப்பந்தக் கூலிகளாகச் சென்ற அவர்களுள் இந்துக்களும் முஸ்லிம்களும் கிறிஸ்தவர்களும் இருந்தனர். அவர்கள் இறங்கிய அந்த நேட்டால் மாநிலத்தின் உட்பகுதியில் டுகேலா ஃபெரி என்ற சிற்றூர் உள்ளது. 2005, 2006ஆம் ஆண்டுகளில் அங்குள்ள மருத்துவமனையில் 53 காசநோயாளரிடம், முதன்மையான மருந்துகளோடு அடுத்த நிலை மருந்துகளுக்கும் மசியாத கிருமி கண்டுபிடிக்கப்பட்டது. அவர்களுள் 52 பேர் மாண்டனர். சளி எடுத்துச் சோதித்த நாளிலிருந்து அவர்கள் உயிரோடிருந்த காலத்தின் நடுவளவு 16 நாட்கள்!

சோதனை செய்யப்பெற்ற 44 பேரிடமும் எய்ட்ஸ் நோய்க்கான எச்.ஐ.வி. கிருமி இருந்தது. இதனினும் நெஞ்சை உலுக்குவது மற்றொரு செய்தி: அவர்களுள் பாதிக்கு மேற்பட்டோர் அதற்குமுன் காசநோய் மருந்தே உட்கொண்டதில்லை. அவர்கள் எதையும் பாதியில் நிறுத்தவில்லை. வேறு யாரோ ஒருவரின் உடலில் வலுப்பெற்ற கிருமி, மருத்துவமனைக் கூடத்தின் காற்று வழியே அவர்களை அடைந்தது. மருந்தை ஒழுங்காகத் தின்னாதவன் தன் வினையைத் தானே அனுபவிப்பான் என்று இங்கே நம்மிடையே எளிதாகப் பேசுவோர் இக்கணக்கை ஒருமுறை எண்ணிப் பார்க்க வேண்டும்.

டர்பனில் காசநோயையும் எய்ட்ஸையும் ஒருசேர எதிர்த்தவர்களுள் சலீம் அப்துல் கரீம், குரைஷா அப்துல் கரீம் என்ற இந்திய வம்சாவளித் தம்பதியர் முதன்மையானவர். இரு நோயும் உள்ளவர்க்கு முதலில் காசநோய் தீரட்டும், பிறகு எய்ட்ஸ் மருந்து கொடுக்கலாம் என்பதே அந்நாளைய வழக்கம். 642 நோயாளரிடம் நிகழ்த்திய ஆய்வில், இரண்டையும் சேர்த்துக் கொடுத்தால் சாவு 56 விழுக்காடு குறைவதை அவர்கள் குழு கண்டு 2010இல் வெளியிட்டது. இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதல் கண்டறியப்பெற்றதும் நம் சென்னையில்தான்: 1986இல், டாக்டர் சுனிதி சாலமனும் அவர் மாணவி நிர்மலாவும் செய்த சோதனையில்.

காசநோய்க் கிருமி தன் எதிர்ப்பாற்றலைப் பிற கிருமிகளுக்குக் கொடுப்பதில்லை. ஏனைய பல கிருமிகள் கொடுக்கும். 1992இல் சென்னையில் ஒரு புதுவகைக் காலரா தலைகாட்டிற்று. வடசென்னை மக்கள் நன்கறிந்த தண்டையார்பேட்டைத் தொற்றுநோய் மருத்துவமனை, காலரா கண்டோரை நகரம் அனுப்பிவந்த இடம். அவ்வாண்டு சென்னையில் எடுக்கப்பட்ட அக்கிருமி ஒன்றை ஆராய்ந்த அறிஞர்கள், பல மருந்துகளை எதிர்க்கும் மரபணுக்களைச் சுமந்துகொண்டு கிருமி விட்டுக் கிருமி தாவக்கூடிய ஒரு துண்டத்தை 1996இல் விவரித்தனர். அதே வகைத் துண்டம் மொசாம்பிக்கிலும் தென்னாப்பிரிக்காவிலும் 1998இல் பரவிய காலராக் கிருமிகளிலும் காணப்பட்டது. 2010இல் சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கார்த்திகேயன் குமாரசாமியை முதல் ஆசிரியராகக் கொண்ட ஆய்வு, மிக வலிய மருந்துகளையும் செயலிழக்கச் செய்யும் மரபணுவைச் சென்னையில் 44 கிருமி மாதிரிகளில் காட்டியது. அம்மரபணுவுக்குப் புதுடில்லியின் பெயர் சூட்டப்பட்டது குறித்து எழுந்த கூச்சலில், கண்டுபிடிப்பின் அச்சுறுத்தல் சிறிது காலம் மறந்தே போயிற்று.

மறவாதவர் சிலர் இருந்தனர். சென்னையில் தொற்றுநோய் மருத்துவராகப் பணியாற்றிய டாக்டர் அப்துல் கஃபூரின் முயற்சியால் 2012 ஆகஸ்டில் மருத்துவச் சங்கங்கள் பல சென்னையில் கூடின. அங்கு உருவானதே 'சென்னைப் பிரகடனம்'. மருந்துக் கடையில் சீட்டின்றி நுண்ணுயிர்க்கொல்லி விற்பதைக் கட்டுப்படுத்த வேண்டும் என்பது அதன் தலையாய கோரிக்கைகளுள் ஒன்று. 2014 மார்ச் 1 முதல் நடப்புக்கு வந்த விதி, வலிய நுண்ணுயிர்க்கொல்லிகளையும் காசநோய் மருந்துகளையும் சீட்டின்றி விற்கலாகாது எனவும், விற்றதைத் தனிப் பதிவேட்டில் எழுத வேண்டும் எனவும் பணித்தது. தெருமுனைக் கடையில் இரண்டு மாத்திரை கேட்டு வாங்கி, காய்ச்சல் விட்டதும் மூன்றாவதைத் தொடாத பழக்கம் விதியினால் மட்டும் போய்விடவில்லை.

எதிர்த்து நிற்கும் காசநோய்க்கும் இப்போது புது மருந்துகள் வந்துள்ளன. தென்னாப்பிரிக்காவில் 109 பேருக்கு மூன்று மருந்துகளை ஆறு மாதம் கொடுத்துப் பார்த்ததில் பத்தில் ஒன்பது பேர் தேறினர். இம்முடிவு 2020இல் வெளிவந்தது. தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் என இன்று பெயர் தாங்கும் சேத்துப்பட்டு நிலையம், நான்கு மருந்துகளைக் கொண்டு இந்திய நகரங்கள் சிலவற்றில் நடத்திய ஆய்வில், கணக்கில் கொள்ளப்பெற்ற 153 பேரில் 139 பேர் நலம் பெற்றனர். 2024இல் ஆறு மாதச் சிகிச்சை முறையை இந்திய அரசும் ஏற்றுக்கொண்டது. இம்மருந்துகளுள் ஒன்றான லினஸோலிட் கால் நரம்புகளை மரக்கச் செய்யக்கூடும்; இரத்தத்தையும் குறைக்கக்கூடும். ஆகவே குருதியை அடிக்கடி சோதிக்க வேண்டும். கால் எரிகிறதா என்று கேட்கவும், மாத்திரை அட்டையை வாங்கி எண்ணிப் பார்க்கவும், 1956இல் போலவே, அந்த ஒண்டுக் குடித்தனத்தின் வாசலுக்கு ஒருவர் நடந்து வரவேண்டியிருக்கிறது.