வடாலாவின் கம்பித் தோட்டங்கள்

1896-இல் பம்பாயைப் பிளேக் நோய் தாக்கியது. வீடுகளின் நெரிசலும் காற்றோட்டமின்மையும் நோயைப் பெருக்கின என்று கருதிய ஆங்கில அரசு, 1898-இல் பம்பாய் இம்ப்ரூவ்மென்ட் டிரஸ்ட்டை நிறுவியது. தாதர், மாட்டுங்கா, வடாலா வட்டாரங்களில் அந்த அமைப்பு வகுத்த குடியிருப்புத் திட்டங்களில் மரத்துக்கும் செடிக்கும் தரையிலேயே இடம் விடப்பட்டது. மாட்டுங்காவுக்கும் வடாலாவுக்கும் இடையில் இன்றும் நிழல் தரும் ஐந்து தோட்டங்கள் அக்காலத்தின் எச்சம்.

அந்த நிழல் எல்லோர்க்கும் வாய்க்கவில்லை. 1920-களில் பம்பாய் வளர்ச்சித் துறை, வடாலாவை அடுத்த நாய்காவிலும் வர்ளி, சிவ்ரி முதலிய இடங்களிலும் தொழிலாளர்களுக்காக மூன்று மாடிச் சால்களை எழுப்பியது. ஒரு குடும்பத்துக்கு ஓர் அறை. பரப்பு 160 சதுர அடி. அங்கே செடிக்கு எஞ்சியது சன்னல் விளிம்பு மட்டுமே.

இடமில்லாதபோது செடியை மேலேற்றுவது தமிழர்க்குப் புதிதன்று. கூரைமேல் சுரையும் பூசணியும், பந்தலில் அவரையும் புடலையும் படரவிட்ட வழக்கம் ஊர்தோறும் உண்டு. அமெரிக்காவில் இல்லினாய் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஸ்டான்லி ஹார்ட் ஒயிட் செங்குத்துத் தோட்ட அமைப்புக்குக் காப்புரிமை பெற்றது 1938-இல்தான்.

மும்பையின் கட்டட விதிகளும் ஒரு கட்டத்தில் மாடிச் செடிக்கு இடமளித்தன. 1991-ஆம் ஆண்டின் வளர்ச்சிக் கட்டுப்பாட்டு விதிகளின்கீழ், சன்னலை ஒட்டிய பூப்பாத்தி எஃப்.எஸ்.ஐ. எனப்படும் தளப்பரப்புக் கணக்கில் சேராது. இச்சலுகையே பூப்பாத்திக்கு வினையாயிற்று. கணக்கில் வராத பரப்பை விலைபேசி விற்க முடிந்தது. வரைபடத்தில் பூப்பாத்தியாக இருந்தது, வீடு கைமாறிய பின் வரவேற்பறையின் பகுதியாயிற்று. 2012 சனவரியில் மாநில அரசு விதியைத் திருத்தி, பூப்பாத்தியையும் பால்கனியையும் தளப்பரப்புக் கணக்கில் சேர்த்தது. முறைகேட்டுக்கான வழி அடைபட்டது. மாடியில் செடிக்கென இருந்த சலுகையும் அதனோடு போயிற்று.

இதே காலத்தில் குடிசைவாசிகளுக்கான மறுவாழ்வு அடுக்ககங்களும் உயர்ந்தன. 1990-களில் ஒரு வீட்டின் பரப்பு 225 சதுர அடி, பின்னர் 269, இப்போது 300. குடிசையின் வாசலில் தகர டப்பாவில் நின்ற துளசிக்குப் புதிய வீட்டில் வாசல் இல்லை. ஆகவே சன்னலுக்கு வெளியே நீளும் இரும்புக் கிரில்லே தோட்டமாயிற்று. கீழ்க்கம்பியில் கற்பூரவல்லியும் கறிவேப்பிலையும், நடுவில் துளசியும், மேற்கம்பியில் மணி பிளான்ட்டுமாக அது அடுக்கடுக்காக உயர்கிறது. ஆயினும் திறக்க இயலாத கிரில், தீப்பிடித்தால் தப்பும் வழியை அடைத்துவிடும். கனத்த தொட்டிகளைத் தாங்கும் கம்பி மழையில் துருப்பிடிக்கும். பசுமைக்காக அம்மக்கள் ஏற்கும் ஆபத்து இது.

செடிமீதான விருப்பம் ஐந்து தோட்டங்களை ஒட்டி வாழ்ந்தோர்க்கும் சால்வாசிகளுக்கும் பொதுவானது. வேறுபட்டது அவர்களுக்கு அளந்து தரப்பட்ட இடம். வடாலாவின் குடியிருப்பு வரலாற்றை எழுத முற்படுவோர், டிரஸ்ட்டின் வரைபடங்களோடு இந்தச் சன்னல்களையும் ஆவணமாகக் கொள்ளல் வேண்டும்.