சிறகுடை மாந்தர்: கற்பனைக் குலமும் வரலாற்றுச் சான்றும்

இல்லாத ஒரு குலத்துக்கு வரலாறு படைத்தல் மனிதனின் தொன்மையான முயற்சிகளுள் ஒன்றாகும். 1974ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வெளிவந்த ‘டன்ஜன்ஸ் அன்ட் ட்ராகன்ஸ்’ என்னும் ஆட்டம் இம்முயற்சிக்குப் புதியதொரு களம் அமைத்தது. ஆடுவோர் ஒவ்வொருவரும் ஒரு பாத்திரத்தை ஏற்று, அப்பாத்திரம் பிறந்த குலத்தின் வழக்கங்களுக்கு அமையப் பேசுவர், செயற்படுவர். 1981இல் வெளியான அதன் துணைநூலொன்றில் ‘ஆரக்கோக்ரா’ என்னும் பறவை மாந்தர் இடம்பெற்றனர். இத்தகைய மாந்தருக்குச் சிறகு வரைதல் எளிது. அவர்கள் எவரை மூதாதையர் என்பர், எந்நிலத்தைத் தமது என்பர், இறந்தோரை எவ்வாறு வழியனுப்புவர் என்பவற்றுக்கு விடை காண்பதே அரிது. இவ்வினாக்களுக்கு நம் இலக்கியமரபு கண்ட விடைகளையும், அவை ஊவா மலைநாட்டில் இன்று நமக்கு உணர்த்துவனவற்றையும் ஒருசேர நோக்குதல் தகும்.

வான்மீகியின் ஆரணிய காண்டத்தில் இராமலக்குவர் பெருங்கழுகொன்றைக் காண்கின்றனர். அரக்கனோ என ஐயுற்று, ‘நீ யார்?’ என வினவுகின்றனர். தான் தசரதனின் நண்பன் எனச் சடாயு கூறியதும் இராமன் அவனைப் போற்றி, அவனுடைய குலத்தையும் பெயரையும் கேட்கின்றான். சடாயுவின் விடை பிரசாபதிகளிலிருந்து தொடங்குகின்றது. காசியபரின் மனைவியருள் ஒருத்தியான தாம்ரையின் மகளிர்வழி ஆந்தையும் பருந்தும் அன்னமும் தோன்றிய முறை கூறப்படுகின்றது. வினதைவழிக் கருடனும் அருணனும் பிறக்கின்றனர். அருணனுக்கும் சியேனிக்கும் பிறந்தோரே சம்பாதியும் சடாயுவும். அந்நியன் என ஐயுறப்பட்ட ஒருவன் தன் வழிமுறையைச் சொல்லி உறவினனாகும் காட்சி இது.

வழிமுறை மட்டுமன்றி, இக்குலத்துக்கு அரசும் அறமும் உண்டு. தந்தையும் பாட்டனும் ஆண்ட நாட்டைத் தான் அறுபதினாயிரம் ஆண்டு ஆண்டதாகச் சடாயு இராவணனிடம் உரைக்கின்றான். பிறன்மனை காத்தல் வேந்தன் கடன் என இடித்துரைக்கின்றான். சிறகு தீய்ந்து விந்தியத்திற் கிடந்த சம்பாதியை அவன் மகன் சுபார்சுவன் இரை கொணர்ந்து பேணுகின்றான். தசரதன் மாண்ட செய்தி கேட்டுச் சடாயு புலம்பித் தீயிற் புகத் துணிவதாகக் கம்பர் அமைத்திருத்தல், பறவைக்கும் மனிதனுக்கும் இடையிலான நட்பை மேலும் ஆழமாக்குகின்றது. தந்தைக்குச் செய்யும் கடனை இராமன் சடாயுவுக்குச் செய்கின்றான். அக்கடன் நிகழ்ந்த இடம் எனக் காஞ்சிக்கு அணித்தான திருப்புட்குழியும், சடாயு குண்டம் அமைந்த புள்ளிருக்குவேளூரும் தத்தம் தலபுராணங்களிற் கூறிக்கொள்கின்றன. வழிமுறை, நிலம், அறம், ஈமக்கடன் ஆகிய இந்நான்குமே கற்பனைக் குலமொன்றை நம்பத்தக்கதாக்குவன எனலாம்.

பறத்தல் பற்றிய இராமாயணக் கற்பனை ஊவாவிலும் நிலத்தோடு பிணைந்துள்ளது. எல்லவுக்கு அண்மையிலுள்ள நீர்வீழ்ச்சி இராவணன் பெயரையே தாங்கி நிற்கின்றது. அவன் ஊர்ந்த வான ஊர்தியைச் சிங்கள மரபு ‘தண்டு மொனர’, அதாவது மரமயில், என வழங்கும். சீவகசிந்தாமணியில் விசயை ஏறிச் செல்லும் மயிற்பொறி இதனுடன் ஒப்புநோக்கத்தக்கது. காப்பியத்தின்படி இராவணனின் புட்பக விமானம் குபேரனிடமிருந்து கவரப்பட்டதென்பதும் மனங்கொள்ளத்தக்கது. எனினும் 2019 யூலையில் கட்டுநாயக்கவில் நடைபெற்ற மாநாடொன்றில், ஐயாயிரம் ஆண்டுகளுக்கு முன் முதன்முதலிற் பறந்தவன் இராவணனே என்னும் முடிபு முன்வைக்கப்பட்டது. 2020இல், அவன் பற்றிய நூல்களையும் ஆவணங்களையும் தந்துதவுமாறு அரச விளம்பரமொன்று பொதுமக்களைக் கேட்டுக்கொண்டது. ஆட்டத்தில் பாத்திரமேற்போன் ஆட்டம் முடிந்ததும் தன் இயல்புக்கு மீள்கின்றான். தோட்டத்துக் காமன் கூத்திலும் வேடம் களைந்தபின் காமன் மீண்டும் தொழிலாளியாகின்றான். கற்பனையைச் சான்றாகக் கொள்ளும் வரலாற்றிலோ இவ்வெல்லை மறைந்துவிடுகின்றது.

இதே பதுளை மாவட்டத்தில், சடாயுவிடம் கேட்கப்பட்ட அதே வினா உயிருள்ள மாந்தரிடமும் கேட்கப்பட்டது. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தின்படி, அதற்கு முன்னர் இலங்கையிற் பிறந்தோரும் தம் தந்தையோ, அன்றித் தந்தைவழிப் பாட்டனும் பூட்டனுமோ இங்குப் பிறந்தமையை நிறுவ வேண்டியிருந்தது. சடாயுவின் வாய்மொழி இராமனுக்குப் போதியதாயிருந்தது. காப்பிக் காலந்தொட்டு மலையைத் திருத்திய தோட்டத் தமிழரின் வாய்மொழியோ சட்டத்துக்குப் போதவில்லை. பெரும்பாலோரிடம் ஏடுகள் இல்லாமையால் அவர்கள் நாடற்றோராயினர். இந்திய வம்சாவளியினருக்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003இலேயே இயற்றப்பட்டது.

2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை, கொஸ்லாந்தைக்கு அருகே மீரியபெத்தத் தோட்டத்து லயன்கள் மண்சரிவிற் புதையுண்டன. அவ்விடம் அபாயமானது எனத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. அன்று அம்மண்ணுள் அமிழ்ந்தவர்களுள் மீட்கப்படாதோரும் உளர். கற்பனைக் கழுகுக்கும் ஈமக்கடன் உண்டென்று போற்றும் மரபினராகிய நாம், உடலும் கிட்டாத இவர்களின் உறவினரை நினையாதிருத்தல் தகுமோ? ஒரு லயன் அழியும்போது வீடுகள் மாத்திரமன்றி, எவ்வூரிலிருந்து எவர் வந்தார், எவர் எவருக்கு உறவினர் என்பதைச் சொல்லக்கூடிய முதியோரும் அழிகின்றனர். ஏடில்லாச் சமூகத்துக்கு இதுவே ஆவணக்காப்பகத்தின் அழிவாகும்.

சிறகுடை மாந்தரைப் படைக்கும் கற்பனை இழிந்ததன்று. ஒரு குலம் வாழ்வதற்கு எவை வேண்டும் என்பதை அது நமக்குக் கற்பிக்கின்றது. அந்த அளவுகோலைக் கொண்டே நம் அயலிலுள்ள மாந்தரின் வரலாற்றையும் தேடுதல் வேண்டும். தோட்டப் பாடல்களைத் தொகுத்த சி. வி. வேலுப்பிள்ளை அதற்கு வழி காட்டியுள்ளார். விடுமுறைக்கு ஊர் செல்லும் மலையக மாணவர் ஒவ்வொருவரும் தம் லயனிலுள்ள மூத்தோரிடம் குலமும் ஊரும் கேட்டு, இறந்தோர் பெயர்களுடன் எழுதிவருதல் இயலாததன்று. அவ்வாறு வந்து சேரும் குறிப்பேடுகளைப் பேணும் பொறுப்பைப் பல்கலைக்கழகத் தமிழ்ச் சங்கங்கள் ஏற்க வேண்டும்.