ஊரும் ஊரார் பெயரும்

மாந்தரை அவர் பிறந்த நிலத்தாற் சுட்டுதல் தமிழில் மிகப் பழைய வழக்காகும். தொல்காப்பியர் உயர்திணைப் பெயர்களுள் நிலப்பெயரையும் ஓதினார். உரைகாரர் அதற்கு அருவாளன், சோழியன் என உதாரணங் காட்டினர். இவை நாட்டினால் வந்த பெயர்கள். ஊரினால் வந்தவற்றைக் காண விரும்புவோர் பாண்டிநாட்டுக் குகைக் கல்வெட்டுக்களை நோக்குதல் வேண்டும். மாங்குளத்தில் வெள்ளறை நிகமத்தோர் உளர்; அழகர்மலையில் மதுரைப் பொற்கொல்லன் ஒருவன் உளன். திருப்பரங்குன்றத்திலோ, 'எருக்காட்டூர் ஈழக் குடும்பிகன் போலாலையன்' எனப் படிக்கப்படும் பெயர் நம் கருத்தை ஈர்க்கின்றது. அவன் வாழ்ந்த ஊர் எருக்காட்டூர். ஈழம் அவன் பெயரோடு ஒட்டிவந்த அடை. ஈழத்திலேயே இருந்திருப்பானாயின் அவனை ஈழத்தான் என்று அழைப்பார் யார்? சங்கப் புலவரான மதுரை ஈழத்துப் பூதன்தேவனார் பெயரிலும் இவ்வாறே இரு நிலங்கள் அடுத்தடுத்து நிற்கின்றன. இத்தகைய பெயர் பெரும்பாலும் வெளியூரிலேயே பிறக்கின்றது.

திருகோணமலைப் பகுதியில் இவ்வழக்கு இன்றும் உயிருடன் உளது. திருகோணமலையார், மூதூரார் என்பன எளிதில் அமைகின்றன. தம்பலகாமம் அத்துச்சாரியை பெற்றுத் தம்பலகாமத்தார் என வரும். கிண்ணியாவோ ஆகார ஈற்றது. இலக்கணப்படி வகர உடம்படுமெய் பெற்றுக் 'கிண்ணியாவார்' என்றாதல் வேண்டும். ஆயின் 'ஆவார்' என்னும் வினைமுற்றின் ஓசை இடையே புகுந்து செவியை மயக்குகின்றது. ஆதலின் எழுத்தில் கிண்ணியா மக்கள் என்றும், பேச்சில் கிண்ணியாக்காரர் என்றும் வழங்குதலே பொருத்தமாம். 'காரர்' என்பதை இழிவழக்கென்று ஒதுக்குவார்க்கு இதனினுஞ் சிறந்த சொல் கிடைப்பது அரிது.

இவ்விகுதிகள் குலமுஞ் சமயமும் வினவுவதில்லை. வேறு பெயர்கள் வினவும். கிண்ணியாவிற் பெரும்பாலோர் சோனகர். யவனர் என்னும் பழஞ்சொல்லோடு தொடர்புடையதாகக் கருதப்படும் இச்சொல், பிற்காலத்தே அரபியரையும் அவர் வழியினரையுங் குறித்தது. பதினோராம் நூற்றாண்டுத் தஞ்சைப் பெரிய கோயிற் கல்வெட்டிலே சோனகன் சாவூர் என்ற பெயர் உளது. 1505இல் இலங்கைக்கு வந்த போர்த்துக்கேயர், வட ஆபிரிக்க முஸ்லிம்களுக்குத் தாம் இட்டிருந்த பெயரையே இங்குள்ளார்க்கும் இட்டனர். 'மூர்' என்பது அதன் ஆங்கில வடிவம். 1911ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பு அவரை இலங்கைச் சோனகர், இந்தியச் சோனகர் என இரு கூறாக்கிற்று. அவ்வினப் பகுப்பிலே மூதூராரும் கிண்ணியாக்காரரும் தம் ஊர்ப்பெயரை இழந்து ஒன்றாயினர்.

2009இல் பாலந் திறக்கப்படும் வரை கிண்ணியாவினின்று திருகோணமலைக்குச் செல்வோர் துறையைப் படகிற் கடக்கவேண்டியிருந்தது. இக்கரையில் இன்னார் மகன், இன்ன தெருவினன் என அறியப்பட்டவன், அக்கரையில் இறங்கியதும் கிண்ணியாக்காரன் ஆயினான்.