சிலுவை யார் கையில் இருந்தது? பிலிப்பைன்ஸ் சொல்லும் பாடம்

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

"மதத்தால் மக்களுக்கு நன்மையா, தீமையா?" பட்டிமன்றத்துக்கு நல்ல தலைப்பு. எந்தப் பக்கம் பேசினாலும் கைதட்டல் கிடைக்கும். முப்பது வருடத்துக்கு மேல் பிள்ளைகளுக்குச் சரித்திரம் சொல்லிக்கொடுத்தவன் என்ற முறையில், இந்தக் கேள்வி வரும்போதெல்லாம் எனக்கு ஞாபகம் வருவது பிலிப்பைன்ஸ் நாடுதான். 2020 கணக்கெடுப்பின்படி அங்கே நூற்றுக்கு 78 பேருக்கு மேல் கத்தோலிக்கர்கள். அந்த மக்களை அடிமைப்படுத்தியதிலும் மதத்துக்குப் பங்கு உண்டு, விடுதலை செய்ததிலும் பங்கு உண்டு.

1521-இல் மெகல்லன் செபு தீவுக்கு வந்தார். அந்த ஊர் அரசர் ஹுமபோனும் அவர் மனைவியும் ஞானஸ்நானம் பெற்றார்கள். அரசிக்குப் பரிசாகக் கொடுத்த குழந்தை இயேசு சிலையை இன்றும் செபுவில் வணங்குகிறார்கள். சில நாட்களிலேயே பக்கத்து மக்டான் தீவில் லாபுலாபுவின் வீரர்கள் மெகல்லனைக் கொன்றுவிட்டார்கள். ஆனாலும் 1565-இல் லெகாஸ்பி தலைமையில் ஸ்பானியர் திரும்பி வந்து, 1898 வரை 333 ஆண்டுகள் ஆண்டார்கள்.

ஆயிரக்கணக்கான தீவுகள். ஸ்பானியரோ மிகச் சிலர். எப்படி ஆள முடிந்தது? பல கிராமங்களில் மக்கள் பார்த்த ஒரே ஸ்பானியர் அந்த ஊர்ப் பங்குக் குருதான். பூசை வைப்பதும் அவர், பள்ளிக்கூடத்தை மேற்பார்வை பார்ப்பதும் அவர், நன்னடத்தைச் சான்று தருவதும் அவர். அவரை எதிர்த்தால் கடவுளையும் அரசையும் சேர்த்து எதிர்த்ததாக ஆகிவிடும்.

அதன் விளைவுகளைப் பாருங்கள். பாபாய்லான் என்று அழைக்கப்பட்ட பூசாரிகள், பெரும்பாலும் பெண்கள், ஊரில் வைத்தியமும் சடங்கும் செய்து மரியாதையோடு இருந்தவர்கள். அவர்களைச் சூனியக்காரிகள் என்று சொல்லி ஒடுக்கினார்கள். துறவற சபைகளின் கைக்குப் பெரும் நிலங்கள் போயின. கலம்பாவில் டொமினிக்கன் சபையின் நிலத்தைக் குத்தகைக்கு உழுத குடும்பங்கள், 1890-களின் தொடக்கத்தில் குத்தகைத் தகராறில் வெளியேற்றப்பட்டன. ஹோசே ரிசாலின் குடும்பமும் அதில் ஒன்று. பிற்பாடு அமெரிக்க ஆட்சி சபைகளிடமிருந்து சுமார் 4 லட்சம் ஏக்கர் நிலத்தை விலைக்கு வாங்கியது என்றால், எவ்வளவு நிலம் இருந்திருக்கும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். தெற்கே மிண்டனாவோவில் ஸ்பானியர் வருவதற்கு முன்பே இஸ்லாம் வேரூன்றி இருந்தது. அங்கே மதத்தின் பெயரால் மூட்டிய பகை நூற்றாண்டுகள் தாண்டியும் புகைந்தது.

இத்தோடு முடித்தால் பாதிச் சரித்திரம்தான் சொன்னதாகும்.

மணிலாவின் முதல் ஆயர் டொமிங்கோ தெ சலசார், ஸ்பானிய நிலக்கிழார்கள் மக்களைக் கசக்கிப் பிழிவதைக் கண்டு மன்னரிடமே முறையிட்டவர். 1593-இல் மணிலாவில் அச்சான ஞானோபதேசப் புத்தகத்தில், தகலோகு மொழி ரோமன் எழுத்திலும் அவர்களுடைய பழைய பாய்பாயின் எழுத்திலும் இருந்தது. அந்த எழுத்து நாளடைவில் மறைந்தது உண்மை. ஆனால் குருக்கள் மக்கள் மொழியைக் கற்று இலக்கணமும் அகராதியும் எழுதியதால், அந்த மொழிகள் ஏட்டில் ஏறின.

இதைவிடப் பெரிய மாற்றம், மக்களே அந்த மதத்தைத் தங்கள் கைக்கு எடுத்துக்கொண்டது. தவக்காலத்தில் கிறிஸ்துவின் பாடுகளைத் தகலோகு மொழியில் பாடும் 'பாஸ்யோன்' வீடு வீடாகப் பரவியது. ஏழைத் தச்சரின் மகன் அதிகாரத்துக்கு முன்னால் தலைநிமிர்ந்து நிற்கும் கதை அது. வருடா வருடம் அதைப் பாடுகிற உழவனுக்குத் தன் கதையே அதில் தெரியாதா?

அப்போலினாரியோ தெ லா குருஸ் என்ற இளைஞர் துறவியாக ஆசைப்பட்டார். சுதேசி என்பதால் சேர்த்துக்கொள்ளவில்லை. 1832-இல் தம் மக்களுக்காகத் தாமே ஒரு பக்தி சபை தொடங்கினார். அரசு அதைக் கலகம் என்றது. படை வந்தது. நூற்றுக்கணக்கானோர் மாண்டார்கள். 1841-இல் அவரையும் கொன்றார்கள். அப்போது அவருக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை.

1872 பிப்ரவரி 17 அன்று கோமெஸ், புர்கோஸ், சமோரா என்ற மூன்று குருக்களைக் கழுத்தை நெரிக்கும் கருவியில் வைத்துக் கொன்றது ஸ்பானிய அரசு. கவிட்டே படைக்கலகத்துக்குத் தூண்டியதாகக் குற்றச்சாட்டு. பங்குகளை உள்ளூர்க் குருக்களிடம் ஒப்படைக்க வேண்டும் என்ற உரிமைக் குரலோடு சேர்ந்தவர்கள் அவர்கள். துறவற சபைகளைக் கடுமையாகச் சாடிய அதே ரிசால், தம் இரண்டாவது நாவலை இந்த மூன்று குருக்களுக்குத்தான் காணிக்கையாக்கினார். அவர் எதிர்த்தது அங்கியை அல்ல, அங்கிக்குள் ஒளிந்த அதிகாரத்தை.

1986 பிப்ரவரி நம்மில் பலருக்கு ஞாபகம் இருக்கும். கார்டினல் சின், வெரித்தாஸ் வானொலியில் மக்களை வீதிக்கு வரச் சொன்னார். ஜெபமாலையோடு கன்னியாஸ்திரிகள் டாங்கிகளுக்கு முன்னால் மண்டியிட்டார்கள். நான்கே நாளில் மார்க்கோஸ் நாட்டைவிட்டு ஓடினார்.

அதே திருச்சபையின் எதிர்ப்பால்தான், முஸ்லிம்கள் தவிர்த்த மற்றவர்களுக்கு அங்கே இன்றும் விவாகரத்துச் சட்டம் இல்லை. அடி உதை வாங்கும் மனைவியும் சட்டப்படி அந்தக் கட்டிலிருந்து விடுபட, திருமணமே செல்லாது என்று நீதிமன்றத்தில் நிரூபிக்க வேண்டும். அதற்கு ஆகும் செலவு ஏழைப் பெண்ணால் முடிகிற காரியமா?

ஆக, நான் புரிந்துகொண்டது இதுதான். வேதமும் சிலுவையும் முதலிலிருந்து கடைசிவரை ஒன்றுதான். நிலமும் சட்டமும் சாட்டையும் வைத்திருந்தவன் கையில் அது மக்களை மிதித்தது. பறிகொடுத்தவன் கையில் அவனை எழுந்து நிற்க வைத்தது. எந்த மதத்தைப் பற்றிப் பேசினாலும், "நல்லதா கெட்டதா" என்று கேட்பதற்கு முன்னால் "இப்போது யார் கையில் இருக்கிறது?" என்று கேட்கப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள்.

உங்கள் கருத்தையும் எழுதுங்கள். மாறுபட்ட கருத்தாக இருந்தாலும் மகிழ்ச்சியே.