கைப்பட்டை காட்டாத அழுத்தம்

பீட்டா பிளாக்கர் ரத்தக் கொதிப்புக்கென்று பிறந்த மருந்தல்ல. 1960-களின் தொடக்கத்தில் பிரிட்டனின் ஐ.சி.ஐ. நிறுவனத்தில் ஜேம்ஸ் பிளாக் தேடியது, நெஞ்சுவலிக்காரர்களின் இதயத்துக்குக் கொஞ்சம் ஓய்வு. அட்ரினலின் வந்து பற்றும் பீட்டா ஏற்பிகளை அடைத்தால் துடிப்பு தணியும், ஆக்ஸிஜன் தேவை குறையும் என்பது அவர் கணக்கு. அதில் விளைந்த புரோப்ரனலால் ரத்த அழுத்தத்தையும் இறக்குகிறது என்று 1964-இல் லண்டனில் பிரையன் பிரிச்சார்ட் எழுதினார். இதயத்தைப் பார்த்துச் செய்த மருந்து, ரத்தக் குழாயின் நோய்க்கு இப்படித்தான் வந்து சேர்ந்தது. குழாய்ச் சுவரில் உள்ள பீட்டா-2 ஏற்பிகளோ குழாயை விரிப்பவை. புரோப்ரனலால் அவற்றையும் அடைத்தது. கைகால் சில்லிட்டுப்போவதாக நோயாளிகள் முறையிட இதுவும் ஒரு காரணம். 1976-இல் வந்த அட்டினோலால் பெரும்பாலும் இதயத்தின் பீட்டா-1 ஏற்பியை மட்டும் தொட்டது. நாளுக்கு ஒரு மாத்திரை போதும். அழுத்தம் அளக்கும் கைப்பட்டையில் எண் இறங்கியது, எல்லோருக்கும் நிம்மதி. குழாயின் நிலையைக் கேட்டவர்கள் குறைவு.

கேட்டவர்களில் ஒருவர் மான்ட்ரியாலின் எர்னஸ்டோ ஷிஃப்ரின். 1990-களில் அவர் குழு, நோயாளிகளின் பிட்டத்துத் தோலுக்கடியிலிருந்து கால் மில்லிமீட்டர் அளவேயான தமனித் துண்டுகளை எடுத்து, சுவரின் தடிப்பை உள்வாயின் அகலத்தோடு ஒப்பிட்டது. சிலாசாப்ரில் என்ற வேறு வகை ரத்த அழுத்த மருந்தை எடுத்தவர்களுக்குத் தடிப்பு குறைந்திருந்தது. அட்டினோலால்காரர்களுக்கு அழுத்தம் இறங்கியும் சுவர் அப்படியே இருந்தது. 2002-இல் லைஃப் ஆய்வில், கையில் அளந்த அழுத்தம் ஏறத்தாழ ஒன்றாக இருந்தும், அட்டினோலால் குழுவைவிட லோசார்ட்டான் குழுவில் பக்கவாதம் 25 சதவீதம் குறைவு. ஏன் என்பதற்கு 2006-இல் வந்த கஃபே ஆய்வு ஒரு விடை தந்தது: கையில் அளவு ஒன்றாக இருந்தபோதும், மகாதமனியின் சிஸ்டாலிக் அழுத்தம் அட்டினோலால் குழுவைவிட அம்லோடிப்பின் குழுவில் 4.3 மி.மீ. குறைவு. அட்டினோலாலால் துடிப்பு மெதுவானால் இதயம் சுருங்கும் நேரம் நீளும். குழாய்களில் மோதித் திரும்பும் அலை அதற்குள் வந்து சேர்ந்து உச்சத்தை ஏற்றிவிடுகிறது.

1998-இல் பிரிட்டனின் நீரிழிவு ஆய்வில் அட்டினோலால் கேப்டோபிரில் என்ற மருந்துக்குச் சளைக்கவில்லையே என்று கேட்கலாம். ஆனால் அங்கே ஒப்பிடப்பட்டவர்கள் 758 பேர்தான். லைஃப் ஆய்வில் ஒன்பதாயிரத்துக்கும் மேல். பழி அட்டினோலாலுக்கே, மொத்த வகைக்கும் அல்ல என்ற வாதத்தில்தான் வலு அதிகம். பிற பீட்டா பிளாக்கர்களில் நெபிவோலால் குழாயின் உட்படலத்திலிருந்து நைட்ரிக் ஆக்ஸைடை விடுவித்து விரிக்கிறது, கார்வெடிலால் ஆல்ஃபா ஏற்பியையும் அடைத்து விரிக்கிறது. இரண்டும் உண்மை. ஆனாலும் ரத்தக் கொதிப்புக்காரர்களிடம் நெபிவோலால் பக்கவாதத்தைக் கூடுதலாகத் தடுக்கிறது என்று காட்டிய பெரிய ஆய்வு இல்லை. முன்பு கைப்பட்டை எண்ணை நம்பியதுபோல இப்போது குழாய் விரிவதை நம்பிவிட முடியாது. 2006-இல் சிகிச்சை வழிகாட்டுதல்களை வகுக்கும் பிரிட்டனின் நைஸ் அமைப்பு ரத்தக் கொதிப்புக்கான முதல் வரிசையிலிருந்து பீட்டா பிளாக்கர்களை இறக்கியது சரியே. இதயச் செயலிழப்பிலும் மாரடைப்புக்குப் பின்னும் அவற்றுக்குத் தரப்பட்ட இடம் வேறு ஆதாரத்தில் நிற்பது. அதை இந்த வழக்கு தொடவில்லை.