குலகுரு மாணவரான ஊர்

விழுப்புரம் மாவட்டத்தில், பெண்ணையாற்றங்கரையில் இருக்கிறது திருவெண்ணெய்நல்லூர். சுந்தரர் கதை தெரிந்தவர்கள் இந்த ஊரையும் அறிவார்கள். மணக்கோலத்தில் இருந்த இளைஞரை, ஓலையும் கையுமாக வந்த கிழவர் தம் அடிமை என்று வழக்காடி வென்ற இடம் இது என்கிறது பெரியபுராணம். பல நூற்றாண்டுகள் கழித்து, 13ஆம் நூற்றாண்டில், அதே ஊரில் இன்னொரு பெரியவரும் ஒரு சிறுவரும் எதிரெதிரே நின்றார்கள். இம்முறை வென்றவர் சிறுவர்.

அந்தப் பெரியவர் திருத்துறையூர்க்காரர். ஆகமங்களைக் கரைத்துக் குடித்தவர் என்பதால் சகலாகம பண்டிதர் என்றே பெயர். பெண்ணாகடத்து அச்சுத களப்பாளருக்கு அவர்தான் குலகுரு. நெடுநாள் பிள்ளையில்லாமல் வருந்திய அச்சுதருக்காகத் தேவாரச் சுவடியில் கயிறு சாத்திப் பார்த்தார். ஏடுகளுக்கிடையே கயிற்றைச் செருகி, அது காட்டும் பாடலையே விடையாகக் கொள்வது சைவர்களின் பழைய வழக்கம். வந்தது திருவெண்காட்டுப் பதிகம். அங்குள்ள முக்குளத்தில் நீராடுவோர்க்குப் பிள்ளைப்பேறு வாய்க்கும் என்னும் பாட்டு. அதைப் பாடியவரோ, மூன்று வயதிலேயே பாடத் தொடங்கியவராகப் போற்றப்படும் ஞானசம்பந்தர். அச்சுதர் மனைவியோடு வெண்காடு சென்று வழிபட்டார். பிறந்த மகனுக்கு அந்த ஊரின் வடமொழிப் பெயரையே சூட்டி, சுவேதவனப்பெருமாள் என்று அழைத்தார்.

பிள்ளை வளர்ந்தது திருவெண்ணெய்நல்லூரில், தாய்மாமன் வீட்டில். விளையாடிக்கொண்டிருந்த அந்தக் குழந்தைக்குப் பரஞ்சோதி முனிவர் உபதேசம் செய்து, மெய்கண்டார் எனப் பெயரிட்டதாகச் சைவ மரபு சொல்கிறது.

சிறுவரின் புகழ் பரவியது. பண்டிதரின் மாணவர்கள் ஒவ்வொருவராக அங்கே பாடம் கேட்கப் போனார்கள். தாம் ஏடு பார்த்துச் சொன்னதால் பிறந்த பிள்ளை தமக்கே போட்டியா? பண்டிதருக்குப் பொறுக்கவில்லை, நேரில் புறப்பட்டார். அவர் போய் நின்றபோது அங்கே நடந்தது உயிரை மறைக்கும் அழுக்கான ஆணவ மலத்தைப் பற்றிய பாடம். ஆணவம் எப்படியிருக்கும் என்று கேட்டார். மெய்கண்டார் வாய் திறக்கவில்லை. கேட்டவரையே விரலால் சுட்டினார்.

பண்டிதர் அந்தக் காலடியில் விழுந்தார். அருணந்தி என்ற புதுப்பெயரோடு மாணவராக எழுந்தார்.

ஆணவ மலத்தின் இலக்கணம் பண்டிதருக்குத் தெரியாததா? அது தாம் நிற்கும் தோரணையிலேயே இருக்கிறது என்பது மட்டும்தான் அவருக்குத் தெரியாமலிருந்தது. அதைச் சொல்ல ஒரு சிறுவர் தேவைப்பட்டார். வயதில் ஒத்தவர் சொல்லியிருந்தால் வாதம்தான் வளர்ந்திருக்கும். 'சின்னப்பிள்ளை, உனக்கென்ன தெரியும்' என்று பேரப்பிள்ளைகளின் கேள்வியை அடக்கும் வீடுகளில் இந்தக் கதையை ஒருமுறையாவது சொல்ல வேண்டும்.

அருணந்தி தாம் கற்ற எதையும் தூக்கியெறியவில்லை. மெய்கண்டாரின் சிவஞானபோதம் 12 சூத்திரங்கள், 40 அடிகள், அவ்வளவுதான். அதன் வழிநூலாக அவர் எழுதிய சிவஞானசித்தியார், பிற சமயக் கொள்கைகளையெல்லாம் எடுத்து மறுக்கும் பரபக்கமும் சைவத்தை விளக்கும் சுபக்கமுமாக நூற்றுக்கணக்கான விருத்தங்களில் விரிந்தது. வாழ்நாள் படிப்பெல்லாம் அதில் இறங்கியிருக்கிறது. இருபா இருபஃது என்னும் தம் இன்னொரு நூலில் அவர் இன்னும் ஒரு படி கீழே இறங்குகிறார். தம் குருவை விளித்து, 20 பாடல்களில் ஐயம் கேட்கும் மாணவராகவே பேசுகிறார்.

முன்னுதாரணம் இல்லாமல் இது நடந்துவிடவில்லை. முதியவரான அப்பர், பூந்துருத்தியில் சம்பந்தரின் சிவிகையைத் தாமே தோளில் சுமந்தார். வைணவத்திலும் இதே காட்சி உண்டு: வயதில் மூத்த மதுரகவி, குருகூர்ப் புளியமரத்தடியில் இருந்த 16 வயது நம்மாழ்வாரைக் குருவாக ஏற்று, தம் 11 பாசுரங்களையும் அவர்மேலேயே பாடினார்.

ஆனால் திருவெண்ணெய்நல்லூரில் நடந்தது ஒரு பரம்பரையாகவே வேர்விட்டது. அருணந்தியிடமிருந்து மறைஞானசம்பந்தர், அவரிடமிருந்து உமாபதி சிவம் என்று அது தொடர்ந்தது. திருவாவடுதுறை, தருமபுரம் ஆதீனங்கள் இன்றும் தங்களை மெய்கண்ட சந்தானம் என்றே சொல்லிக்கொள்கின்றன. சந்தானம் என்றால் பிள்ளை என்றும் பொருள். ஒவ்வோர் ஐப்பசிச் சுவாதியிலும் மெய்கண்டாருக்குக் குருபூசை நடக்கிறது. சந்தான குரவர் நால்வர் வரிசையில் அவர் பெயர் முதலாவது. அவர் பிறக்க வழிசொன்ன குலகுருவின் பெயர் இரண்டாவது.