இருதலை என்னும் பெயரும் மண்ணுளிப் பாம்பின் சிறைவாசமும்

பெங்களூரு கன்டோன்மென்டில் தமிழர் தலைமுறைகளாக வாழ்ந்துவரும் பிரேசர் டவுன், 1898ஆம் ஆண்டின் கொள்ளைநோய்க்குப் பின் திட்டமிடப்பட்டு 1910இல் திறக்கப்பட்ட நகர்ப்பகுதி. நோயைப் பரப்பும் தெள்ளுப்பூச்சியைச் சுமந்து திரிந்தது எலி. ஆகவே எலி அண்டாத வீடும் காற்றோட்டமான தெருவும் அக்காலத் திட்டமிடுநரின் முதன்மைக் கவலைகளாயின. ஜே. எச். ஸ்டீபன்ஸ் இப்பொருள் குறித்து 1914இல் தனி நூலே எழுதினார். எலிக்கு அஞ்சி நகர் எழுப்பிய அதே ஊரில், எலியை உண்டு வாழும் நஞ்சற்ற சிறு பாம்பு ஒன்று இன்று கடத்தல் பொருளாகப் பிடிபடுகிறது. அதுவே மண்ணுளிப் பாம்பு.

அதன் அறிவியல் பெயரில் தமிழக வரலாற்றின் சுவடு உண்டு. 1801இல் இதனை விவரித்த பேட்ரிக் ரஸ்ஸல், தரங்கம்பாடியில் சமயப் பணியோடு இயற்கை ஆய்வும் மேற்கொண்ட கிறிஸ்டோப் சாமுவேல் ஜானின் நினைவாகப் பெயரிட்டார். எரிக்ஸ் ஜானியை என்பதில் உள்ள ஜான் அவரே.

மக்கள் வழக்கில் இப்பாம்புக்கு இருவகைப் பெயர்கள் உள்ளன. மண்ணுளி என்பது அதன் வாழிடத்தைச் சுட்டுகிறது. இருதலை மணியன் என்பது அதன் தோற்றத்தைச் சுட்டுகிறது. கன்னடத்தில் ‘எரடு தலெ ஹாவு’, தெலுங்கில் ‘ரெண்டு தலல பாமு’, இந்தியில் ‘தோ முஹா சாம்ப்’ எனப் பெயர்கள் ஒரே கருத்தையே சொல்கின்றன. உண்மையில் அதன் வால் மழுங்கியது, அவ்வளவே. அச்சுறும்போது உடலைச் சுருட்டித் தலையை அடியில் ஒளித்து, வாலை உயர்த்திக் காட்டும். எதிரியை ஏமாற்ற அமைந்த இந்த உறுப்பு மனிதரையும் ஏமாற்றிவிட்டது. பாம்பாட்டிகள் சிலர் அவ்வாலைச் சிதைத்துக் கண்ணும் வாயும் உள்ளதுபோல் ஆக்கிக் காட்சிப்படுத்தினர். பின்னர் அது செல்வம் தரும், நோய் தீர்க்கும் என்ற நம்பிக்கை பரவியது. எடை மிகுந்தால் விலை மிகும் என்பதும் அச்சந்தையின் கணக்கு. ஆகவே பிடிபட்ட பாம்பை வலிந்து ஊட்டிப் பருக்கச் செய்வதும் நிகழ்கிறது.

வெளிநாடுகளில் வேறொரு வரலாறு நிகழ்ந்தது. மண்ணுளி இனங்கள், குறிப்பாகக் கென்ய மண்ணுளி, சிறிய உருவும் சாதுவான இயல்பும் உடையவையாதலால் வீட்டு வளர்ப்புக்கு உகந்தவையாகக் கருதப்பட்டன. கண்ணாடித் தொட்டியில் புதையுமளவு மணல், ஒரு முனையில் மட்டும் வெப்பம், மறுமுனையில் குளிர்ச்சி, சில நாட்களுக்கு ஒருமுறை சுண்டெலி ஆகியவையே அடிப்படைத் தேவைகள். இனப்பெருக்கத்திற்குப் பருவ மாற்றத்தைப் போலச் செய்வர்: சில வாரங்கள் வெப்பத்தைக் குறைத்துப் பின் உயர்த்தி, ஆணையும் பெண்ணையும் சேர்ப்பர். நமது மண்ணுளி முட்டையிடாது. பதினான்கு வரையிலான குட்டிகளை ஈனும். குட்டிகளின் உடலில் காணப்படும் கரிய வளையங்கள் வளர வளர மங்கும்.

இந்தியாவில் இவ்வளர்ப்புக்கு இடமில்லை. 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் மண்ணுளியைப் பிடிப்பதையும் விற்பதையும் தடுக்கிறது. மாறாக, ஆப்பிரிக்காவின் பந்து மலைப்பாம்பு போன்ற அயல் இனங்களுக்கு 2022ஆம் ஆண்டின் திருத்தமும் 2024ஆம் ஆண்டின் விதிகளும் பதிவுமுறையை வகுத்துள்ளன. உடைமை, கைமாற்றம், பிறப்பு, இறப்பு ஆகிய அனைத்தையும் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும். 2024 ஏப்ரலில் பாங்காக்கிலிருந்து வந்த பயணியின் பெட்டியில் பத்து மஞ்சள் அனகோண்டாக்கள் பெங்களூரு விமான நிலையத்தில் கைப்பற்றப்பட்டன. அயல்பாம்பின் மீதான வேட்கைக்கு இது ஒரு சான்று.

இவ்வாறு ஒரே நகரில் இரு பிறப்புகளுக்கு இரு பொருள் ஏற்படுகிறது. தொட்டியில் பிறக்கும் அயல்பாம்பின் குட்டி பதிவேட்டில் ஒரு வரி; மண்ணுளியின் குட்டியோ குற்றத்தின் சான்று. இவ்வேறுபாடு காரணமற்றதன்று. வளர்ப்பில் பிறந்ததையும் வயலில் பிடித்ததையும் கண்ணால் பிரித்தறிய இயலாத நிலையில், வளர்ப்புக்கு அளிக்கும் உரிமம் பிடிப்பவருக்கும் திரையாகிவிடும். ஆனால் தடையால் மட்டும் அச்சந்தை ஒழிந்துவிடவில்லை. அது பாம்பின் மேல் அன்று, பெயரின் மேல் எழுந்த சந்தை. இருதலை என்னும் சொல்லுக்கு விலை உள்ளவரை, ஒரு தலையுடைய அப்பாம்புக்கு வயலில் பாதுகாப்பு இல்லை.